யூஜினாவின் சிவப்புக் கோடு

யூஜினாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று டிப்போவில் எல்லாரும் சொல்வார்கள். அது அரைகுறைப் பேச்சு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் கோபத்தோடுதான் அவள் விடிய நாலு மணிக்குப் படுக்கையை விட்டு எழும்புவாள். தண்ணீர் மெல்ல வந்தால் குழாயோடு கோபம். தேங்காய் விலையோடு கோபம். கொட்டாஞ்சேனைச் சந்தியில் நிறுத்தாமல் போகிற பஸ்ஸோடு கோபம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அவளுடைய கணவர் முப்பது வருடக் குடித்தனத்தில் ஒன்றை மட்டும் நன்றாகப் படித்திருந்தார். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கியதும் வாயைத் திறக்காமல் பல்கனிக்குப் போய்விட வேண்டும்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். பெரிய கோபத்தை அவள் ஒரு புத்தகத்துக்காக வைத்திருந்தாள். தெருக் கூட்டுகிறவர்களுடைய டிப்போவில் வரவு இடாப்புக்கு, வேலைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற புத்தகத்துக்கு, பொறுப்பான எழுதுவினைஞர் அவள். பெரிய பதவி ஒன்றும் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு மணிக்கூடு. கைரேகை வைக்கிற மெஷின் ஒன்றும் இருந்தது. கொரோனாக் காலத்தில் பொலித்தீன் பையால் மூடிக் கட்டினார்கள். கட்டினது கட்டினதுதான். அன்றிலிருந்து மறுபடியும் புத்தகம், மறுபடியும் கோடு.

கோடு என்றால் சிவப்புக் கோடு. காலை ஐந்தே முக்காலுக்கு வேலை தொடங்கும். பதினைந்து நிமிடம் சலுகை. சரியாக ஆறு மணிக்கு, கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரின் பெயருக்குக் கீழே, அடிமட்டம் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் யூஜினா சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீறுவாள். அதற்குப் பிறகு வருகிறவர் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடவேண்டும். நிரந்தர ஊழியர் என்றால், மாதத்தில் மூன்று தரம் கீழே விழுந்தால் அரைநாள் லீவு போகும். நிரந்தரமில்லாதவர்களுக்கு, டிப்போவில் கெஷுவல் என்று சொல்லப்படுகிறவர்களுக்கு, மூன்று தரம் நாலு தரம் என்ற பேச்சே இல்லை. ஒரு தரம் கீழே விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ.

யூஜினா வருவதற்கு முன்பு அந்தக் கோடு விற்பனைக்கு இருந்தது. அவளுக்கு முந்தி இருந்த மனிதர் நல்ல வியாபாரி. சாராயப் போத்தல் கொண்டுவந்தவனுக்குக் கோடு ஆறேகாலுக்கு விழும். மீன் கொண்டுவந்தவனுக்கு ஆறு இருபது. ஒன்றும் கொண்டுவராதவனுக்கு அவன் கேற்றுக்குள் கால் வைக்கும்போதே விழுந்துவிடும். யூஜினா அங்கே வேலை பழக வந்த முதல் கிழமையே, காய்ச்சலோடு நடந்து வந்த ஒரு மனிதன் கோட்டுக்குக் கீழே போனதையும், அரைமணி பிந்தி மோட்டார் சைக்கிளில் வந்த ஒருத்தன் மேலே போனதையும் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் இருபத்து மூன்று வருடமாக இறங்கவில்லை. புத்தகம் தன் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மணி என்றால் ஆறு மணி என்று கீறினாள். கும்பிட்டாலும் கீறினாள், அழுதாலும் கீறினாள். போத்தலோடு வந்தவனை ஏசின ஏச்சு தெரு முனையில் இருந்த றவூப்பின் தேத்தண்ணிக் கடை வரைக்கும் கேட்டது.

ஆரம்பத்தில் ஒருநாள் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக் கோடு கீறினதற்கு ஒரு மேலதிகாரி அவளைப் பிடித்துக்கொண்டார். "உன்னுடைய மணிக்கூடு உன்னுடைய வீட்டுக்கு. இங்கே காரியாலய மணிக்கூடுதான் நேரம்" என்றார். யூஜினாவுக்கு அது பிடித்திருந்தது. ஆளுக்கு ஆள் ஒரு நேரம் என்றால் பிறகு என்ன நியாயம்? அன்றைக்கே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். போன் வந்த பிறகும் அது கைப்பையிலேயே கிடக்கும். சுவர் மணிக்கூடு என்ன சொல்கிறதோ அதுதான் நேரம்.

நியாயமாகக் கோடு கீறினால் ஜனங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்கள் எந்தக் காரியாலயத்திலும் வேலை செய்யாதவர்கள். டிப்போவில் ஒருவருக்கும் அவளைப் பிடிக்காது. ஆனால் அவளுடைய கோடு பிழை என்று ஒருவரும் சொன்னதும் இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

இந்த வருடம் டிப்போவில் ஒரே நாளில் வேலைக்கு எடுத்த பதினொரு கெஷுவல்காரர் இருந்தார்கள். மாநகர சபையின் விதி ஒன்று சொன்னது: இடையில் அறாமல் நூற்றெண்பது வேலை நாள் செய்தவரின் பெயர் நிரந்தரப் பட்டியலுக்குப் போகவேண்டும். ஒரு நாள் அறுந்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். கேட்க நல்ல விதிதான். ஆனால் மற்ற டிப்போக்களில் நூற்றெழுபது தாண்டியவர்களுக்கு மட்டும் எப்படியோ ஒருநாள் தள்ளுவண்டி இல்லாமல் போகும், ஒருநாள் தெருக் கூட்டுகிற தும்புக்கட்டை இல்லாமல் போகும். "இன்றைக்கு வேலை இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். நாளைக்கு வந்தால் அது முதலாம் நாள். ஏழு வருடமாக முதலாம் நாளிலேயே நிற்கிற மனிதர்கள் அந்த நகரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் அவர்களில் ஒருவர் வழக்குப் போட்டார். அதிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. அறுப்பதை நிறுத்தவில்லை. அறுத்தால் காரணம் புத்தகத்தில் இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

பதினொரு பேரில் ஒருத்தி மயிலம்மா. ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து வருவாள். நாற்பத்து நாலு வயது. கணவன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். நாற்பத்தைந்து வயது முடிந்தால் நிரந்தரம் இல்லை என்பது இன்னொரு விதி. அவளுக்கு நாற்பத்தைந்து முடிய இரண்டு மாதம் இருந்தது. இந்த நூற்றெண்பது அறுந்தால் அடுத்த நூற்றெண்பதுக்கு அவளுக்கு வயதில்லை. சாகும் வரைக்கும் கெஷுவல்தான். பென்ஷன் இல்லை, லீவு இல்லை, விழுந்தால் தூக்க ஆள் இல்லை.

அவர்களுக்கு நூற்று எழுபதாம் நாள் நடக்கும்போது நிர்வாக உத்தியோகத்தர் சிவானந்தன் யூஜினாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளவத்தையிலிருந்து காரில் வருகிற மனிதர். குரலை உயர்த்தினதை ஒருவரும் கேட்டதில்லை.

"இருங்கோ மிஸ். தேத்தண்ணி குடிப்பியளோ?"

"குடிச்சிட்டுத்தான் வந்தேன் சேர். சொல்லுங்க."

"அந்தப் பதினொரு பேரின்ர விசயம்தான். இந்த வருசம் ஒருத்தரையும் நிரந்தரமாக்க ஏலாது எண்டு மேலயிருந்து சொல்லிப்போட்டினம். இவையின்ர நாள் முடியப்போகுது."

"முடியட்டும். நல்லதுதானே?"

சிவானந்தன் மேசையில் கிடந்த பேனையை நேராக வைத்தார். "ஒரே ஒரு நாள் மிஸ். கோட்டைக் கொஞ்சம் முந்திக் கீறினாக் காணும். உங்கட கோட்டை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். உங்களுக்கு அப்பிடி ஒரு பெயர் இருக்கெல்லோ."

யூஜினாவுக்குக் காதுமடல் சுட்டது. இருபத்து மூன்று வருடம் ஏச்சு வாங்கிச் சம்பாதித்த பெயர். அதைத்தான் இந்த மனிதர் ஒருநாள் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார், கலியாணத்துக்கு வான் கேட்கிற மாதிரி.

"அந்த ஓடர எழுதித் தாங்க சேர்."

"எழுதேலாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப என்னாலயும் ஏலாது. எழுதாத ஓடருக்கு எனக்குக் காது கேக்காது."

"சரி மிஸ், கோவிக்காதேங்கோ. நான் கேக்கேல்ல, நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல. விடுவம்."

அன்றைக்கு வீட்டில் யூஜினா சட்டிபானையைப் போட்டு உடைக்காத குறை. கணவர் வழக்கம்போலப் பல்கனிக்குப் போனார். ஆனால் உள்ளுக்குள்ளே அவளுக்கு ஒரு சந்தோசமும் இருந்தது. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், இனி என்ன செய்வார்கள்? பதினொரு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். காரியாலயத்துக் கதையைத் தொழிலாளரிடம் போய்ச் சொல்வது முறையில்லை என்று விட்டுவிட்டாள். கோடு தன் கையில் இருக்கும்வரை யாருக்கு என்ன பயம் என்று நினைத்தாள். அவளுக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நூற்று எழுபத்து நாலாம் நாள் விடிய ஊற்றுகிற மழை. யூஜினா நனைந்துகொண்டு அறைக்குள் நுழைந்தபோது சுவர் மணிக்கூடு ஐந்து முப்பத்தேழு காட்டியது. வழக்கமாக அவள் ஐந்து இருபத்தைந்துக்கு மேசையில் இருப்பாள். மழைக்குப் பஸ் ஊர்ந்துவிட்டது என்று பஸ்காரனைத் திட்டினாள். தன்னையும் திட்டிக்கொண்டாள். ஈரக் குடையை மூலையில் சாத்திவிட்டு இடாப்பைத் திறந்தாள்.

அன்றைக்கு நிரந்தர ஊழியர் நாற்பது பேரும் ஏற்கனவே முற்றத்துக் கொட்டகையில் நின்றார்கள். வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். மழை நாளில் பாதிப் பேர் கோட்டுக்கு முன் மூச்சிரைக்க ஓடிவருவதுதான் அங்கே வழமை. இன்றைக்கு ஒருவர்கூட ஓடவில்லை. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இவர்களுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்றுதான் யூஜினா நினைத்தாள்.

மணிக்கூட்டில் ஆறு ஆனது. அடிமட்டத்தை வைத்தாள், சிவப்புப் பேனையை எடுத்தாள், கீறினாள்.

இரண்டு நிமிடத்தில் மயிலம்மா வந்தாள். தலையில் உரப்பை, கால் முழுக்கச் சேறு. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். பிறகு மற்ற ஆறு பேர். பதினொருவரும் கெஷுவல்காரர். மயிலம்மா குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்ததும் பேனையை எடுத்த கை அப்படியே நின்றது.

"மிஸ், இன்னும் நேரம் இருக்கே மிஸ்."

"மணிக்கூட்டப் பாரு."

"நான் எப்பவும் வர்ற நேரந்தான் மிஸ். றவூப் கடைக்காரரு ஆறுக்குக் கொஞ்சம் முந்தித்தானே கதவு திறப்பாரு, இப்பதான் திறக்கிறாரு..."

"மணிக்கூட்டப் பாருன்னு சொன்னேன். கடைக்காரன்ட கதவப் பாத்தா நான் கோடு கீறுறேன்? கீழ போடு கையெழுத்த."

மயிலம்மா கெஞ்சவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைக் கோட்டுக்குக் கீழே எழுதினாள். மற்றப் பத்துப் பேரும் எழுதினார்கள். ஒரு மனிதன் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். யூஜினாவுக்கு அவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. ஆறு நாள், இன்னும் ஆறே ஆறு நாள் நேரத்துக்கு வந்திருந்தால் என்ன? இவர்களுக்காக நான் அந்த மனிதரோடு சண்டை பிடித்தேனே, இதுகளுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறதா?

அப்போதுதான் மாதா கோயில் மணி அடித்தது. காலை ஆறு மணிக்கு அடிக்கிற மணி. பிறந்ததிலிருந்து அவள் கேட்கிற மணி, ஒருநாளும் பிந்தாத மணி.

யூஜினா சுவரைப் பார்த்தாள். மணிக்கூடு ஆறு பன்னிரண்டு காட்டியது. கைப்பையைக் கவிழ்த்துப் போனை எடுத்தாள். ஆறு.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி மணிக்கூட்டைக் கழற்றினாள். ஐம்பத்தேழு வயதில், ஈரச் சேலையோடு, அவள் கதிரையில் ஏறினதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. மணிக்கூட்டின் தலையில் இருந்த தூசியில் புதிதாக நாலு விரல் அடையாளம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வேலை பிரித்துக் கொடுக்கிற ஓவசியர் எட்வேட் தும்புக்கட்டை அறையைத் திறந்து நிரந்தரக்காரருக்குச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யார் எட்வேட் இதத் திருப்பினது?"

எட்வேட் திரும்பிப் பார்க்காமல், "நேத்து மணிக்கூட்டுக்குப் புதுப் பெற்றி போட்டேன் மிஸ்" என்றார். "கூடக் குறைய ஆகியிருக்கும்."

நேற்று அவள் போன பிறகு அறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. யூஜினா கொட்டகையில் நின்ற நாற்பது பேரையும் பார்த்தாள். இவர்களுக்குத் தெரியும். முந்தியே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் ஒருவரும் ஓடி வரவில்லை.

"நீங்க எல்லாரும் கேட்டீங்கதானே? நான் கோடு கீறி, இவங்க பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டு முடிஞ்ச பிறகுதானே மணி அடிச்சது? சொல்லுங்க! ஒரு ஆள் சொன்னா போதும், நான் எழுதிக்கிறேன்."

நாற்பது பேரும் கையிலிருந்த சாமானைப் பார்த்தார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல்ல மிஸ்."

"வெக்கமில்லையா உங்களுக்கு? நீங்களும் ஒரு காலத்துல கெஷுவல்தானே!"

எட்வேட் இப்போது திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "வெக்கத்தப் பத்தி நீங்க கதைக்காதீங்க மிஸ். பத்து வருசத்துக்கு முந்தி என்ட மகள ஆஸ்பத்திரில விட்டுட்டு ஓடி வந்தேன். அந்த மணி அடிச்சுக்கிட்டு இருக்குது, நான் கேற்றுக்குள்ள நிக்கிறேன். உங்க கையப் பிடிச்சுக் கேட்டேன். கீறினீங்கதானே? இங்க நிக்கிற ஒவ்வொருத்தன்கிட்டயும் இப்பிடி ஒரு கதை இருக்கு. இப்ப சாட்சி வேணுமா உங்களுக்கு?"

யூஜினாவுக்கு அந்த நாள் நினைவில்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது. கையெழுத்து நினைவிருக்கும், நேரம் நினைவிருக்கும், எட்வேட்டின் மகள் நினைவில் இல்லை.

எட்வேட் நிரந்தரக்காரரை வண்டிகளோடு அனுப்பிவிட்டு, தும்புக்கட்டை அறையைப் பூட்டினார். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குச் சாமான் கொடுக்கக்கூடாது, அது விதி. பதினொருவரையும் பார்த்து, "வீட்டுக்குப் போங்க" என்றார்.

"ஒருத்தரும் கேற்றத் தாண்டக் கூடாது" என்று யூஜினா கத்தினாள். "தாண்டினா நீங்க இன்னைக்கு வராத ஆள். இங்கயே நில்லுங்க. சேர் வரட்டும்."

கொட்டகையில் குப்பை லொறியை நிறுத்திவிட்டார்கள். அதனால் பதினொரு பேரும் மழைக்குள்தான் நின்றார்கள். ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் நின்றார்கள். சம்பளம் போடுகிற நேரத்தில் கால்மணியைக்கூட வெட்டத் தெரிந்த சபைக்கு, இப்படி நிற்கிற நேரத்தை எழுத எந்தப் புத்தகத்திலும் ஒரு கட்டம் கிடையாது. யூஜினா அறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்வேட் மேல், நாற்பது பேர் மேல், மேலே இருக்கிறார்கள் என்று சொல்லப்படுகிற, ஒருநாளும் முகம் தெரியாத அந்த ஆட்கள் மேல் அவளுக்கு வெறுப்புப் பொங்கியது. மயிலம்மா ஒரு தரம்கூட அறைப் பக்கம் திரும்பவில்லை.

எட்டரைக்குச் சிவானந்தன் வந்து மூக்குக்கண்ணாடியில் இருந்த மழையைத் துடைத்துக்கொண்டார். யூஜினா மணிக்கூட்டை அவருடைய மேசையில் வைத்தாள், இடாப்பைத் திறந்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பெற்றி வீக்காயிருக்கும் மிஸ்."

"பெற்றி வீக்கானா மணிக்கூடு பிந்தும் சேர். முந்தாது."

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "யோசிச்சுக் கதையுங்கோ. கோடு கீறினது நீங்கள். கையெழுத்து உங்கட. அது பிழையெண்டு நீங்களே எழுதினா, பிழையான பதிவு செய்தனான் எண்டு நீங்களே ஒத்துக்கொள்ளுறியள். விசாரணை வரும். இந்தக் கோடு பிழையெண்டா மற்றக் கோடெல்லாம் சரியெண்டு ஆர் நம்புவினம்? பென்ஷனுக்கு மூண்டு வருசம்தானே இருக்கு? ஒரு நாள்தான் மிஸ். பேசாமல் விடுங்கோ."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவளைக் கோடு கீறவைத்து, அந்தக் கோட்டாலேயே அவளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வீட்டில் வைத்தியச் செலவு இருந்தது, கணவரின் ஓய்வூதியம் மருந்துக்குத்தான் காணும். ஒரு நிமிடம், சரியாக ஒரு நிமிடம், பேசாமல் விடுவோமா என்று அவள் நினைத்தாள். அதை அவள் பிறகு ஒருவரிடமும் மறைக்கவில்லை.

பிறகு அவருடைய மேசையிலிருந்தே பேனையை எடுத்தாள். இடாப்பில் அழிக்கக்கூடாது, திருத்தக்கூடாது. ஆனால் குறிப்பு எழுதுகிற கட்டம் அவளுடையது. முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் எழுதினாள்: 'இன்று கோடு ஆறு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்திக் கீறப்பட்டது. கீறியவள் நான். காரியாலய மணிக்கூடு யாராலோ முந்தி வைக்கப்பட்டிருந்தது. கீழே உள்ள பதினொருவரும் ஆறு மணிக்கு முன் வந்தவர்கள்.' கையெழுத்தும் நேரமும் போட்டாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்தாள். பதினொரு பெயருக்கும் கீழே இன்னொரு கோடு கீறினாள். அந்தப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு கோடு விழுந்தது அதுதான் முதல் தரம்.

"இந்தாங்க சேர். இனி நீங்க இவங்கள வீட்டுக்கு அனுப்புறதா இருந்தா, இதுக்குக் கீழ நீங்க எழுதுங்க. உங்க கையால எழுதுங்க."

சிவானந்தன் பக்கத்தைப் பார்த்தார். எழுதினால் அது அவருடைய கையெழுத்தாகிவிடும். பக்கத்தைக் கிழிக்கலாமென்றால் எல்லாப் பக்கத்திலும் இலக்கம் இருந்தது. எட்வேட்டைக் கூப்பிட்டு, "அவையளுக்குச் சாமானைக் குடுங்கோ, வேலைக்கு விடுங்கோ" என்றார். யூஜினாவைப் பார்த்து, "மற்றதைப் பிறகு பாப்பம்" என்றார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

பிறகு பார்த்தார்கள். ஆறு கிழமை கழித்து, தலைமைக் காரியாலயத்தில் ஏசி போட்ட ஒரு அறையில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். பெற்றி மாற்றியதாக எட்வேட் சொன்னார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சிவானந்தன் சொன்னார். மழைச் சத்தம் என்று நாற்பது பேர் சார்பில் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். சிவானந்தன் கேட்டதை யூஜினா சொன்னபோது, "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை. முடிவில் எல்லாருக்கும் வசதியான ஒரு தீர்ப்பைப் பூசி மெழுகி எழுதினார்கள். எழுதுவினைஞரின் கவனயீனத்தால் கோடு முந்திக் கீறப்பட்டது. பதினொருவருடைய நாள் கணக்கில் எடுக்கப்படும். எழுதுவினைஞருக்கு ஒரு வருடச் சம்பள ஏற்றம் நிறுத்தம், பழைய கோப்புகள் வைக்கிற களஞ்சிய அறைக்கு இடமாற்றம்.

மணிக்கூட்டைத் திருப்பிய கைக்கு ஒன்றும் இல்லை. திருப்பச் சொன்ன வாய்க்கு அடுத்த மாதம் இதைவிடப் பெரிய அறை கிடைத்தது. பிழையை ஒத்துக்கொண்ட ஒரே ஒரு ஆளுக்குத்தான் தண்டனை. இதைக் கேட்டு யாருக்காவது கோபம் வரவில்லையென்றால், அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் நூற்றெண்பது நிரம்பியது. மயிலம்மாவின் நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பதினொருவருக்கும் நிரந்தரக் கடிதம் வந்தது.

களஞ்சிய அறைக்குப் போவதற்கு முன், யூஜினா டிப்போவில் வேலை செய்த கடைசி நாள் அந்தப் பதினொருவரில் பத்துப் பேர் அவளைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் கேக் கொண்டுவந்தார். ஒரு பெண் காலில் விழப்போய், ஏச்சு வாங்கிக்கொண்டு எழும்பினாள். மயிலம்மா வரவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் யூஜினா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயதெல்லையில் தொங்கிக்கொண்டு நின்றவள் இவள்தானே, மற்றவர்களைவிட இவளுக்குத்தானே நான் அதிகம் செய்தேன்? நன்றி கெட்டது என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, கொச்சிக்கடைக்குப் போகிற தெருவில் மயிலம்மா கூட்டுகிற இடத்துக்கே நேராகப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் கால் தானாக நடக்கும்.

மயிலம்மா வெயிலில் தெருவோரச் சாக்கடைக் கானின் ஓரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"மத்தவங்க எல்லாம் வந்தாங்க. நீ வரல்ல."

"வரல்ல மிஸ்."

"ஏன்?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"கோவிக்கிறது எனக்கு என்ன புதுசா? சொல்லு."

மயிலம்மா தும்புக்கட்டையை வண்டியில் சாத்தினாள். பல நாளாக உள்ளே வைத்திருந்த ஒன்றை எடுத்து வெளியே வைக்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"நூத்தி எழுவத்திமூணு நாள் மிஸ். ஒவ்வொரு நாளும் மணி அடிக்கிறதுக்கு முந்தி வந்து உங்க கண்ணு முன்னாலதான் கையெழுத்துப் போட்டேன். காச்சலோட வந்தேன். புள்ளைக்கு முடியாத அன்னைக்கும் வந்தேன். அப்பிடி வந்தவ ஒரு நாள் பிந்தி வந்தா, உங்களுக்கு மணிக்கூட்டு மேலதானே சந்தேகம் வந்திருக்கணும்? எங்க மேலதானே வந்திச்சு? பதினொரு பேரு ஒண்ணா வந்து நிக்கிறோம், பதினொரு பேரும் பொய்யி, அந்த மணிக்கூடு உண்மை. மணி அடிக்காட்டி எங்கள வீட்டுக்குத்தானே அனுப்பியிருப்பீங்க? மனசுல கொஞ்சம்கூட உறுத்தாம அனுப்பியிருப்பீங்க. நான் எதுக்கு மிஸ் நன்றி சொல்லணும்?"

யூஜினா வாயைத் திறந்தாள். வழக்கமான கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. அதைப் போட ஆள் தேடினாள். சிவானந்தன் இருந்தார், எட்வேட் இருந்தார், ஏசி அறையில் உட்கார்ந்த மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் அந்தக் கோபத்துக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் மயிலம்மா கேட்டது அவர்களைப் பற்றி இல்லை.

"வண்டிய ரெண்டு மணிக்குள்ள நிரப்பணும் மிஸ்" என்று சொல்லிவிட்டு மயிலம்மா தும்புக்கட்டையை எடுத்தாள்.

அன்றைக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ் நிறுத்தாமல் போனது. யூஜினா பஸ்காரனைத் திட்டவில்லை.